தீவகத்தில் வீட்டுக்கு சோலர்: 5 கிலோவாற் பூட்டலாமா?

உப்புக்காற்று:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு ஊர்காவற்றுறைப் பக்கம், கடலுக்கு அரைக் கிலோமீற்றர்கூட வராது. முன்பக்கம் ஓடு, பின்பக்கம் குசினிக்கு மேல் பிளாட் (தட்டையான கொங்கிரீற் கூரை). மாதம் 210 யூனிற் மட்டில் ஓடுகிறது, பில் எட்டாயிரத்தைத் தாண்டுகிறது. கனடாவில் இருக்கும் அண்ணா காசு அனுப்புகிறேன், சோலர் பூட்டு என்று நிற்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு கொம்பனிக்காரர் 5 கிலோவாற்றுக்கு ஒன்பது லட்சம் சொன்னார், இனிக் கரண்ட் போனாலும் உங்களுக்குக் கவலை இல்லை என்றும் சொன்னார். எனக்கு அந்தக் கடைசிக் கதைதான் முக்கியம், ஏனென்றால் அம்மாவுக்கு இழுப்பு, நெபுலைசர் வைக்க வேண்டும். 2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்களில் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். பூட்டினவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

சுன்னாகத்தான்:
தம்பி, கரண்ட் போனாலும் கவலை இல்லை என்று சொன்னவரிடம் பற்றரி எங்கே என்று கேட்டீர்களா? நான் 2019 ஓகஸ்டில் 5 கிலோவாற் பூட்டினவன். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அப்போது நேரம் பதினொன்றைத் தாண்டியிருக்கும், வெயில் கொளுத்துகிறது, கூரையில் பனல் எல்லாம் மினுங்குகிறது, உள்ளே ஃபான் நின்றுவிட்டது. மாமி விசிறியோடு வந்து "இவ்வளவு வெயிலுக்கு உங்கட சோலர் என்ன செய்யுது?" என்று கேட்டா. என்ன சொல்ல? பனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் சாதாரண இன்வேட்டர், மின்சார சபை லைனில் கரண்ட் இருந்தால்தான் வேலை செய்யும். லைன் போனால் தானும் நின்றுவிடும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு எங்கள் வீட்டுக் கரண்ட் அடித்துவிடும்.

மற்றப்படி எனக்கு நட்டம் இல்லை. மின்சார சபையோடு நான் செய்த ஒப்பந்தத்தில், நான் விற்கும் யூனிற்றுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபா தருவார்கள், பிறகு 15.50. எனக்கு அந்த 22 கிடைப்பது 2026 ஓகஸ்ட் வரைதான். என் கணக்கை வைத்து நீங்கள் கணக்குப் போட வேண்டாம். இன்னொன்று, 2025 சித்திரைப் புத்தாண்டுக்கு ஏப்ரல் 13 இலிருந்து 21 வரை ஒவ்வொரு நாளும் பின்னேரம் மூன்று மணி வரை சோலரை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது. தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன, கரண்டை எடுக்க ஆள் இல்லை, வெயிலோ உச்சத்தில். இனிமேலும் இப்படிக் கேட்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

வயரிங்காரன்:
நான் இந்த வேலை செய்கிறவன், கொம்பனி ஆள் இல்லை. காசு கொடுக்க முதல் ஒரு ஞாயிறு மத்தியானம் 12 மணிக்கு வோல்ற் அளக்கும் மல்ரிமீற்றரைப் பிளக்கில் குத்திப் பாருங்கள். எங்கள் லைன் 230 வோல்ற், 6 வீதம் கூடலாம், அதாவது 244 வரை. உங்கள் ஒழுங்கையில் ஏற்கெனவே நாலு வீட்டில் சோலர் இருந்து, நீங்கள் லைனின் கடைசி வீடாகவும் இருந்தால், நல்ல வெயில் நேரத்தில்தான் எல்லோரும் லைனுக்குள் கரண்ட் தள்ள வோல்ற் ஏறி இன்வேட்டர் சிவப்பு லைட் போட்டு நிற்கும். காலையும் மாலையும் ஓடும், உழைக்க வேண்டிய நேரத்தில் படுத்துவிடும். இதைப் பார்க்காமல் பூட்டிவிட்டுப் பிறகு என்னைக் கூப்பிடுகிறவர்கள் கன பேர்.

ஓட்டுக்கூரை என்றால் வளையும் சலாகையும் பழைய பனையா என்று பாருங்கள். 550 வாற் பனல் ஒன்று 28 கிலோ வரும், 5 கிலோவாற்றுக்கு அப்படி ஒன்பது பத்து வேண்டும். தெற்குப் பக்கச் சரிவு நல்லது. அப்புறம் உப்பு. கடற்கரையில் ஒரு வீட்டில் மூன்றாம் வருடம் போல்ற்றைக் கழற்றப் போனேன், ஸ்பனர் வைத்ததும் தலை அப்படியே பொரிந்து கையோடு வந்தது. அலுமினிய ரெயில், ஸ்ரெயின்லெஸ் போல்ற் என்று கொட்டேசனில் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

கணக்குவாத்தி:
எனக்கு என்னவோ உங்களுக்கு 5 கிலோவாற் பெரிசு. ஒரு கிலோவாற் மாதம் 100 முதல் 120 யூனிற் தரும். உங்கள் பில்லில் கடைசி யூனிற்றுகள்தான் ஆக விலை கூடினவை, 180க்கு மேலே போகிறது அல்லவா, அதைச் சின்னச் சோலரே வெட்டிவிடும். மிச்சமாகச் செய்வதை சபைக்கு விற்றால் புது ஒப்பந்தக்காரருக்கு 2025 இல் இருபது ரூபா மட்டில்தான் கிடைத்தது. உங்கள் வீட்டில் மிச்சம் பிடிக்கிற யூனிற்றுக்கும் விற்கிற யூனிற்றுக்கும் பெறுமதி ஒன்றில்லை. அண்ணாவின் காசு என்றபடியால் வட்டி இல்லை, அது நல்லது. கடன் எடுத்துச் செய்வதென்றால் நான் வேண்டாம் என்றே சொல்லுவேன்.

உப்புக்காற்று:
நன்றி அண்ணைமார். அப்படியென்றால் 2 கிலோவாற்றோடு ஹைபிரிட் இன்வேட்டரும் (லைன் இல்லாத நேரம் பற்றரியில் ஓடுவது) சின்ன பற்றரியும் போட்டால், கரண்ட் இல்லாத நேரம் நெபுலைசர், ஒரு ஃபான், ரண்டு லைட் இழுக்குமா?

வயரிங்காரன்:
தாராளமாக. நெபுலைசர் பெரிய கரண்ட் எடுக்காது. கிணற்று மோட்டரையும் ஐயன் பொக்ஸையும் மட்டும் பற்றரி லைனில் கொடுக்காதீர்கள், அதுகளுக்கு வேறு வயர் இழுக்கச் சொல்லுங்கள். லிதியம் பற்றரி என்றால் விலை கூட, ஆனால் பழைய அசிட் பற்றரி போல மூன்று நாலு வருடத்தில் மாற்றத் தேவையில்லை. பிளாட்டுக்கு மேலேயே 2 கிலோவாற் அடங்கும், ஓட்டில் கை வைக்கத் தேவையில்லை. நிழல் ஏதும் விழுகிறதா?

உப்புக்காற்று:
இன்று மத்தியானம் பார்த்தேன், வோல்ற் 236 காட்டுது. நிழல்தான் பிரச்சினை. மூன்று மணிக்குப் பிறகு பிளாட்டில் பாதிக்கு மேல் கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் நிழல். அப்பா வைத்த மரம், கொப்பு வெட்டுவோமா என்று கேட்டதற்கே அம்மா இரண்டு நாளாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

சுன்னாகத்தான்:
மரத்தை விடுங்கள். பனலைக் கிழக்கு ஓரமாகத் தள்ளிப் போடுங்கள், பின்னேரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.