கொழுந்து எடுப்பது அம்மா, ஒப்பந்தம் அப்பா பெயரிலா?

பொகவந்தலாவை மகள்:
இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாள் சம்பளத்தை நிறுத்திவிட்டு, குடும்பத்துக்கு இத்தனை தேயிலைச் செடி என்று பிரித்துக் கொடுக்கப் போகிறார்களாம். பராமரிப்பதும் பறிப்பதும் நாங்கள். கிலோ கணக்கில் காசு. அம்மாவுக்கு 46 வயது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கூடை தூக்குகிறார். ஆனால் படிவத்தில் அப்பாவின் பெயரை எழுதிக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்கிறார்கள். அப்பா நல்லவர்தான், இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

லிந்துலை அக்கா:
தங்கச்சி, அவசரப்பட வேண்டாம். மாறிய பிறகும் அம்மாவின் பெயர் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், இருக்குமா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் தோட்டம் கட்டும் 12 வீத ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி), 3 வீத ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) இரண்டும் நின்றுபோகும். ஈ.பி.எஃப் காசைப் பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். அம்மாவுக்கு இன்னும் நாலே வருடம்!

பெயர் விஷயத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். நானும் மலையில் நின்றவள், அதனால் சொல்கிறேன். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வந்ததே 1984இல்தான். வந்த பிறகும் கவ்வாத்து வெட்டுகிற, அதாவது செடியைக் கத்தரிக்கிற, ஆண்கள் மத்தியானத்தோடு இறங்கிவிடுவார்கள். நாங்கள் இடுப்பில் படங்குச் சீலையைக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் கொழுந்தை நிறுக்கும் வரை நிற்போம். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழித்துத்தான் எழுதுவார்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். என் மாமியார் காலத்தில் பெண்சாதி சம்பளத்தையும் புருஷன்தான் போய் வாங்குவாராம். அதெல்லாம் மாறி இப்போதுதான் காசு நம் கைக்கு வருகிறது. மறுபடியும் ஒரே ஆளின் பெயரில் எழுதினால் பழைய கதைதானே?

மஸ்கெலியா தம்பி:
எங்கள் வீட்டில் இந்த முறைக்கு மாறிவிட்டோம். மழை பெய்து கொழுந்து விளைகிற மாதங்களில் நாள் சம்பளத்தைவிடக் கூடவே கிடைக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். வேலையை மேற்பார்க்கும் கங்காணியின் அதட்டலும் இல்லை. ஆனால் உரம், மருந்துக் காசைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தருகிறார்கள். வெயில் காலத்தில் கையில் ஒன்றும் மிஞ்சாது. பிடிப்பு என்னென்ன என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பொகவந்தலாவை மகள்:
நன்றி அக்கா, தம்பி. விசாரித்துப் பார்த்தேன். அம்மா வேலையை விட்டுவிட்டதாகவும் ஒரு கடிதம் கேட்கிறார்களாம்.

லிந்துலை அக்கா:
அதில் கையெழுத்து வைக்கவே வேண்டாம்! வேலையை விடுவதென்றால் வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்று சேவைக்காலப் பணம் வர வேண்டும். அதை யார், எப்போது தருவார்கள் என்று அந்தக் கடிதத்தில் இருக்கிறதா? இரண்டு தாளையும் போட்டோ எடுத்துக்கொண்டு தொழில் திணைக்கள அலுவலகத்துக்கு அம்மாவையே கூட்டிப் போங்கள். அப்புறம், இந்த முறைக்குப் போவதென்று முடிவெடுத்தால் ஒப்பந்தத்தில் அம்மாவின் பெயரும் இருக்கட்டும், கொழுந்துக் காசு அவருடைய வங்கிப் புத்தகத்துக்கே வரட்டும். அப்பாவிடம் நீங்களே பேசுங்கள். மகள் சொன்னால் கேட்பார்.