அண்ணனுக்கு இதயச் சுவர் தடிப்பு: நூற்றில் நால்வருக்கு உள்ள மரபணுக் குறைதானா இது?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 41 வயதான என் அண்ணன் சென்ற மாதம் மாடிப்படி ஏறும்போது மயங்கி விழுந்தார். எக்கோ எடுத்துப் பார்த்ததில், இதயத்தின் இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர் 21 மில்லிமீட்டர் தடித்திருப்பது தெரிந்தது. இது ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்னும் பரம்பரை இதயத்தசை நோய் என்று மருத்துவர் கூறினார். எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில், புரதம் பாதியிலேயே நின்றுபோகும்படியான பிழை ஒன்று இருப்பதாக மரபணு அறிக்கையும் வந்துவிட்டது. எங்கள் அப்பா 48 வயதில் வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோதே சரிந்து விழுந்து இறந்தார். அதை மாரடைப்பு என்றே இத்தனை ஆண்டுகளும் சொல்லிவந்தோம்.

எனக்கு இரண்டு ஐயங்கள். ஒரு புரதம் குறைந்தால் தசை மெலியத்தானே வேண்டும், ஏன் தடிக்கிறது? இதே மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்ட ஒரு குறை தெற்காசியரில் நூற்றுக்கு நால்வரிடம் உண்டு என்று படித்தேன். அண்ணனுக்கு இருப்பது அதுதானா?

தசைப்புரத மாணவி எழுதியது:

உங்கள் தந்தையாரின் மறைவைப் படித்து வருந்தினேன். முதல் ஐயத்துக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன்.

இதயத் தசையிழை என்பது சார்கோமியர் எனப்படும் நுண்ணிய அலகுகளின் தொடர். அதில் தடித்த இழையாக மயோசினும் மெல்லிய இழையாக ஆக்டினும் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுப்பதால்தான் இதயம் சுருங்குகிறது. ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் எல்லாத் தலைகளும் இழுப்பதில்லை; கணிசமானவை தண்டோடு ஒட்டி மடங்கி, மிகக் குறைந்த ஆற்றலைச் செலவழித்தபடி ஓய்வில் கிடக்கின்றன. அந்த ஓய்வைக் காப்பதில் முக்கியப் பங்கு வகிப்பது மயோசின்-பிணைப்புப் புரதம் சி. உங்கள் அண்ணனின் அறிக்கையில் உள்ள மரபணு இந்தப் புரதத்தைத்தான் உருவாக்குகிறது.

ஆகவே அவரிடம் குறைந்திருப்பது இழுக்கும் புரதம் அன்று, தடுத்து நிறுத்தும் புரதம். பழுதான பிரதியிலிருந்து வரும் அரைகுறைப் புரதத்தை உயிரணு பெரும்பாலும் அழித்துவிடுகிறது; மற்றொரு பெற்றோரிடமிருந்து வந்த நல்ல பிரதி தருவது போதவில்லை. தடுப்புக் குறையும்போது தேவைக்கு மேல் தலைகள் வேலையில் இறங்குகின்றன. இதயம் வலுவாகச் சுருங்குகிறது, ஆனால் முழுமையாகத் தளர்வதில்லை, ஆற்றலும் வீணாகிறது. பல ஆண்டுகள் இப்படியே உழைத்த தசையணுக்கள் பருத்து, வரிசை குலைந்து, இடையிடையே தழும்புத் திசு படர்கிறது. ஆபத்தான துடிப்புக் குழப்பம் பெரும்பாலும் இந்தக் குலைவிலும் தழும்பிலும் இருந்தே தோன்றுகிறது.

இதே நோய் மயோசினிலேயே பிழை இருந்தாலும் வரும். கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பெரிய குடும்பம் ஒன்றை ஆராய்ந்து, மயோசினின் 403-ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாகக் குளூட்டமின் என்னும் வேறோர் அமினோ அமிலம் அமர்ந்திருப்பதை 1990-இல் கண்டறிந்தார்கள். இந்நோய்க்கு முதன்முதலாகப் பிடிபட்ட மரபணுப் பிழை அதுதான். அங்கே புரதம் குறைவதில்லை; தவறான புரதம் நல்லதோடு கலந்து வேலையைக் கெடுக்கிறது. நீங்கள் எதிர்பார்த்தபடி சுவர் மெலிந்து அறை விரியும் நோயும் உண்டு. அதற்கு டைட்டின் என்னும் மாபெரும் புரதம் பாதியில் அறுபடுவது முக்கியக் காரணங்களுள் ஒன்று.

மரபியல் ஆசிரியர் எழுதியது:

இரண்டாம் ஐயத்துக்கு வருகிறேன். இது அதுவன்று. மரபணு ஒன்றே, பிழை வேறு; மருத்துவர்களிடம் பேசும்போதும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகம், ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. என்னும் உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம் ஆகியவற்றைச் சேர்ந்தோரும் பங்கேற்ற ஆய்வு 2009-இல் வெளியானபோது, அந்த 25 எழுத்து விடுபாடு உடையவர்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு என்ற செய்தி எங்கும் பரவியது. நானும் வகுப்பில் அதை அப்படியே சொல்லிக்கொடுத்தேன். பின்னாளில் கதை நுட்பமானது. 2018-இலும் 2020-இலும் வந்த ஆய்வுகள், விடுபாடு உடையவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் மட்டும் அதே மரபணுவில் வேறோர் இடத்தில் இன்னொரு மாற்றமும் சேர்ந்தே இறங்கி வருவதைக் காட்டின. 2020-இன் ஆய்வு, மரபணுவிலிருந்து படியெடுத்த புரதக் குறிப்பு வெட்டி ஒட்டப்படும் இடத்தைத் தடம் மாற்றும் ஓர் எழுத்து மாற்றத்தையே ஹைப்பர்ட்ரோபிக் நோயின் குற்றவாளியாக அடையாளம் கண்டது. 25 எழுத்து விடுபாடு பெரும்பாலும் அதன் உடன் பயணி. எனவே அந்த விடுபாடு மட்டுமே உள்ள ஒருவரை இதய நோயாளி என்று அச்சுறுத்துவது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

உங்கள் அண்ணனின் பிழையோ வேறு வகை. அது தலைமுறைக்குத் தலைமுறை, ஒவ்வொரு குழந்தைக்கும் சரிபாதி வாய்ப்போடு இறங்குவது.

காவிரிக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் எனக்கும் என் தங்கைக்கும் பாதி வாய்ப்பு உண்டு என்று புரிகிறது. தங்கை மகனுக்கு 14 வயது. பள்ளிக் கபடி அணியில் இருக்கிறான். அவனுக்கு உடனே எக்கோ எடுத்து, நன்றாக இருந்தால் விட்டுவிடலாமா?

எக்கோ அறைப் பணியாளர் எழுதியது:

ஐயா, எக்கோ நன்றாக இருந்தது என்பதற்காக மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்த நோயில் தடிப்பு பிறவியிலேயே இருப்பது அரிது. பலருக்கு வளரிளம் பருவத்திலும், இந்த மரபணுவில் சிலருக்கு நடு வயதிலும்தான் தோன்றுகிறது. சுவரின் தடிமன் இயல்பாக இருக்கும்போதே இ.சி.ஜி.-யில் மாறுதல் தெரிவதுண்டு. அதனால் இரண்டையும் சேர்த்தே எடுப்பார்கள். பொதுவாகப் பெரியவர்களுக்குச் சுவர்த் தடிமன் 15 மில்லிமீட்டர் என்பது நோயின் எல்லை. நோயுள்ள குடும்பத்தாருக்கு 13 மில்லிமீட்டரே போதும். ஆகவே குடும்ப வரலாற்றை எக்கோ எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

அண்ணனின் பிழை நோய் உண்டாக்குவது என்று அறிக்கையில் உறுதியாக எழுதியிருந்தால், உங்களுக்கும் தங்கைக்கும் அந்த ஒரே இடத்தை மட்டும் சோதித்தால் போதும். தங்கையிடம் அது இல்லையென்றால் பையனுக்கு அவள் வழியாக வராது. அவனுக்குத் தொடர் பரிசோதனையும் தேவைப்படாது. இருந்தால் பையனையும் சோதிக்க வேண்டும். அவனிடமும் இருந்தால் ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறையும், பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையும் எக்கோ எடுக்கச் சொல்வது வழக்கம். முடிவு வரும்வரை கபடியை நிறுத்தி வைக்கலாமா என்று இதய மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். விளையாடும்போது அவனுக்கு எப்போதாவது மயக்கமோ நெஞ்சு வலியோ வந்ததா என்பதை அவனைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பிள்ளைகள் மறைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.