ஸ்டோன் ரோசஸ்: முதல் ஆல்பத்துக்கு அப்புறம் ஏன் அத்தனை வருடம்?

பிறை பையன்:
மாமா வீடு மாறும்போது ஒரு பெட்டி நிறைய கேசட் கொடுத்தார். இளையராஜாவுக்கு நடுவில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் ராக் குழுவான ஸ்டோன் ரோசஸின் முதல் ஆல்பம். அட்டையில் பெயிண்ட் தெளிப்பு, எலுமிச்சைத் துண்டுகள். ஒரு வாரமாக அதுதான் ஓடுகிறது. 1989இல் இப்படி வந்தவர்கள் அடுத்த ஆல்பத்தை 1994 டிசம்பரில்தான் போட்டார்களாம். சோம்பேறித்தனம் என்கிறான் நண்பன். நம்ப மனம் வரவில்லை.

ஜெலுத்தோங் வாக்மேன்:
உன் மனம் சொல்வதுதான் சரி தம்பி. 1990இல் பாயான் லெப்பாஸில் நைட் ஷிப்ட் பார்த்த சம்பளத்தில் அதே கேசட்டை வாங்கினேன். விடியற்காலை ஃபேக்டரி பஸ்ஸில் எல்லோரும் தூங்குவார்கள், எனக்கு மட்டும் அந்தக் குழுவின் மானி வாசித்த பேஸ் கிடார் காதுக்குள் நடந்துகொண்டிருக்கும். அந்த வருடம் மே 27இல் இங்கிலாந்தின் ஸ்பைக் ஐலண்டில், ரசாயன ஆலைகளுக்குப் பக்கத்தில், அவர்கள் கச்சேரிக்கு ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் கூடினார்கள். ரேவ் என்ற விடிய விடிய எலக்ட்ரானிக் இசைக்கு ஆடும் விருந்துக்குப் போகிற கூட்டம் கிடார் பேண்டுக்கு ஆட வந்தது. அவர்களுடைய 'ஃபூல்ஸ் கோல்ட்' பாட்டு பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதைக் கேட்டால் காரணம் புரியும்.

அப்புறம்தான் வழக்கு. தங்கள் ரெக்கார்டு கம்பெனி சில்வர்டோனை விட்டு வெளியேறப் பார்த்தார்கள், கம்பெனி தடையுத்தரவு வாங்கியது. வேறு யாருக்கும் பாட முடியாது. 1991 மே மாதம் அந்த ஒப்பந்தம் நியாயமற்றது என்று நீதிமன்றம் சொன்ன பிறகே கெஃபன் என்ற இன்னொரு கம்பெனிக்குப் போனார்கள். கையில் பணம் வந்தது, வேகம் போய்விட்டது. முதல் ஆல்பத்தைத் தயாரித்த ஜான் லெக்கியும் இரண்டாவதன் பாதியில் விலகினார். இரண்டாவது வரும்போது ரேவ் அடங்கி, ஓயேசிஸ் என்ற புதுக் குழு வந்துவிட்டது. அந்த நான்கு வருடம் களவு போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஒன்று செய்து பார். 'வாட்டர்ஃபால்' முடிந்ததும் வரும் 'டோன்ட் ஸ்டாப்', அதே பாட்டின் டேப்பைத் தலைகீழாக ஓட்டி, மேலே புதிதாகப் பாடியது. அறைத் தோழன் நம்பவில்லை. கேசட்டின் ஐந்து திருகாணியையும் கழற்றி, ரிப்பனைப் புரட்டிப் போட்டு மூடினான். கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல மங்கலாகத்தான் கேட்டது. ஆனாலும் 'டோன்ட் ஸ்டாப்'புக்கு உள்ளிருந்து 'வாட்டர்ஃபால்' கிடார் நேராக எழுந்து வந்தது. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

பட்டர்வொர்த் அக்கா:
அண்ணே, இரண்டாவதை அப்படித் தள்ளாதீர்கள். ஜான் ஸ்குவயரின் கிடாருக்காகவே அதைக் கேட்கலாம். அதிலுள்ள 'லவ் ஸ்ப்ரெட்ஸ்' பாட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. ஆல்பம் வந்த சில மாதத்தில் டிரம்மர் ரெனி விலகியதுதான் பெரிய அடி. அவர் கை இல்லாமல் அந்த ஆட்டம் இல்லை. 1996இல் ஸ்குவயரும் போனார், அதே வருடம் குழு கலைந்தது. நால்வரும் மறுபடி சேர்ந்து 2012இல் மான்செஸ்டர் ஹீட்டன் பார்க்கில் மூன்று இரவு வாசித்தபோது, 2,20,000 டிக்கெட் 68 நிமிடத்தில் தீர்ந்தது. மறந்திருந்தால் அப்படி வாங்குவார்களா?

ஜெலுத்தோங் வாக்மேன்:
ரெனி விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன் தங்கச்சி. இன்றிரவு இரண்டாவதை எடுத்து முழுசாகக் கேட்கிறேன்.

பிறை பையன்:
நன்றி அண்ணே, அக்கா. மாமாவின் கேசட்டைக் கழற்ற மாட்டேன், அட்டைக்குள் அவர் கையெழுத்தில் 1990 என்று இருக்கிறது. போனிலேயே தலைகீழாக ஓட்டிப் பார்த்தேன். கிடார் வந்தது.