செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் அச்சோவியங்களை மாட்ட வழி சொல்லுங்கள்

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் வளவில் (தூண்கள் சூழ்ந்த உள்முற்றம்), எங்கள் அச்சோவியப் பட்டறை மாணவர்களின் கண்காட்சி ஐப்பசி முதல் வாரம் தொடங்குகிறது. மாட்ட வேண்டியவை 32 லினோகட் (லினோலியத்தில் செதுக்கி அச்சிட்டவை), 8 எட்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிட்டவை). எல்லாம் 38 × 56 செ.மீ., 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள். ஒரு தாள் 64 கிராம்தான். எடை பிரச்சினையே இல்லை, சுவர்தான்.

முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு. ஆணி அடித்தால் சில்லு சில்லாகப் பெயரும். வீட்டுக்காரரும் சம்மதிக்கவில்லை (நியாயம்தான், அந்தப் பூச்சுக்கு இன்று ஆள் கிடைப்பது அரிது). இரட்டைப் பக்க டேப் இரவுக்குள் கழன்று விழுகிறது. வழவழப்பும் ஈரமும் சேர்ந்தால் அப்படித்தான். ப்ளூ டாக் (பிசைந்து ஒட்டும் களிமண் போன்ற பசை) பிடிக்கிறது, ஆனால் தாளின் பின்புறம் எண்ணெய்க் கறை. தூண்களுக்கிடையே நைலான் கயிறு கட்டி கிளிப் போட்டுப் பார்த்தோம். வளவு வானம் பார்த்தது. காற்றில் தாள்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்கின்றன, ஓரத்தில் கிளிப் தடமும் பதிகிறது. 40 கண்ணாடிச் சட்டங்களுக்குக் கையில் காசில்லை. தவிர, மழைக்கால ஈரத்தில் சட்டத்துக்குள்ளும் தாள் நெளியும்.

சுவரைத் துளைக்காமல், ஒட்டாமல், காற்றுக்கும் அசையாமல் இவற்றைப் 10 நாள் காட்சிக்கு வைக்க என்ன வழி?