புதுப்பிப்பு: நெரைன் பூத்துவிட்டது!

இலை மட்டும் தழைக்கிறது, பூக்கவே மாட்டேன் என்கிறது என்று என் நெரைன் சார்னியென்சிஸ் என்ற கிழங்குப் பூச்செடி பற்றி முன்பு இங்கே கேட்டிருந்தேனே, அது இப்போது பூத்திருக்கிறது. கோடையில் காயப்போடுங்கள், தொட்டியை மாற்றாதீர்கள் என்று சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இது தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் பகுதிச் செடி. டேபிள் மலையின் பாறைச் சரிவுகளில் வளர்வது. அங்கே மழை குளிர்காலத்தில்தான், கோடை காய்ந்து கிடக்கும். அதனால் இலை மஞ்சளானதும் தண்ணீரை அடியோடு நிறுத்தி, மழை படாத இடத்தில் வைத்துவிட்டேன். கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படியே இருந்தது. நெருக்கியடித்துக் கிடந்தால்தான் நன்றாகப் பூக்கும் என்பதால் பிரித்து நடவில்லை.

கோடை முடியும் நேரத்தில் கழுத்திலிருந்து மொட்டு நுனி எட்டிப் பார்த்தது. அப்புறம்தான் தண்ணீர். இலை இன்னும் வரவில்லை. வெறும் தண்டின் உச்சியில் கொத்தாகச் செம்பூக்கள், இதழ்கள் பின்னால் வளைந்து, மகரந்தத் தண்டுகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வெயில் பட்டால் இதழ் முழுக்கப் பொன்துகள் தூவியதுபோல் மின்னுகிறது. எத்தனை படம் எடுத்தாலும் அந்த மினுக்கம் சரியாக விழவில்லை.

உரம் பற்றிக் கேட்டவருக்கு: தழைச்சத்து அதிகமுள்ளது வேண்டாம், இலைதான் பெருகும். இலை வந்ததும் சாம்பல் சத்து (பொட்டாசியம்) உள்ள உரத்தை நீர்க்கக் கரைத்து ஊற்றப்போகிறேன்.