டைமிங் பெல்ட் மாற்ற எவ்வளவு ஆகும்? கடலூரில் நான் கொடுத்த பில்

என்னிடம் இருப்பது 1.5 டிசிஐ டீசல் எஞ்சின் கொண்ட பழைய ரெனோ டஸ்டர். டைமிங் பெல்ட் என்பது, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைத்து ஒழுங்காகச் சுழலவைக்கும் ரப்பர் பட்டை. வண்டி அதிகம் ஓடவில்லை என்றாலும், ரப்பர் பெல்ட்டுக்குக் கிலோமீட்டரோடு வயதும் கணக்கு என்பதால், கடலூரிலும் புதுச்சேரியிலும் சில பணிமனைகளில் விலை விசாரித்தேன். ஒருவர் ஐயாயிரத்துக்குள் முடித்துவிடலாம் என்றார். இன்னொருவர் பதினாறாயிரம் கேட்டார். விசாரித்துப் பார்த்ததில், முதல் தொகை வெறும் பெல்ட்டுக்கும் கூலிக்கும் ஆனது என்பதும், இரண்டாவதில் டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் உருளை), வாட்டர் பம்ப், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஆகிய அனைத்தும் அடக்கம் என்பதும் தெரிந்தது.

இந்த எஞ்சினில் வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவதும் அதே பெல்ட்தான். பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பம்ப் கசிந்தால், எஞ்சின் மவுண்ட்டைக் கழற்றுவதில் தொடங்கி அத்தனை வேலையையும் மறுபடி செய்து, கூலியையும் மறுபடி கொடுக்க வேண்டும். டென்ஷனர் சுழலாமல் இறுகிப் பெல்ட் அறுந்தாலோ, பிஸ்டன் வால்வில் இடித்து, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டையே இறக்க வேண்டிவரும். அந்தச் செலவுக்கு முன்னால் பதினாறாயிரம் ஒன்றுமே இல்லை.

புதுச்சேரியில் எல்லாமே விலை குறைவு என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. பெட்ரோலுக்கு அது சரி. உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. இரண்டு ஊரிலும் ஒன்றுதான். ஆகவே கடலூர் மஞ்சக்குப்பத்தில், டைமிங் லாக் பின்கள் (கிராங்க்கையும் கேமையும் சரியான நிலையில் பூட்டிவைக்கும் கம்பிகள்) வைத்திருந்த ஒரு மெக்கானிக்கிடமே வேலையைக் கொடுத்தேன். டென்ஷனரோடு சேர்ந்த பெல்ட் கிட் 6,800, வாட்டர் பம்ப் 2,900, கூலன்ட் 900, கூலி 4,500. மொத்தம் 15,100 ரூபாய்.

கழற்றிய பெல்ட்டை அவர் பின்புறமாக வளைத்துக் காட்டியபோது, பற்களின் அடியில் மெல்லிய விரிசல்கள் வரிசையாகத் தெரிந்தன. பழைய டென்ஷனரை விரலால் சுழற்றினால் கரகரவென்று சத்தம் வந்தது. புதிய பெல்ட்டைப் பூட்டியபின், சாவியைத் தொடாமல், கிராங்க்கை ஸ்பேனரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, பின்கள் திரும்பவும் சரியாக இறங்குகின்றனவா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்தார். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடிக்கும் என்பதால், இந்தச் சோதனையைச் செய்யாமல் வண்டியை எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

விலை கேட்கும்போது எந்தெந்தப் பாகம் அடக்கம் என்று தாளில் எழுதி வாங்குங்கள். பில்லில் தேதியும் கிலோமீட்டரும் இருக்கட்டும். வண்டியை விற்கும்போது விவரம் தெரிந்தவர் கேட்பது அதைத்தான்.