ஊட்டி ஃபிங்கர்போஸ்ட் அக்கம்பக்கம் குழு: வைட்டமின் டி பேச்சு

மேல்வீட்டு அக்கா, காலை 9.12
அம்மாவோட ரிப்போர்ட் வந்துடுச்சு. வயசு 67, வைட்டமின் டி 11னு இருக்கு. தினமும் காலைல எட்டு மணிக்கு வராந்தா வெயில்லதான் உட்கார்றாங்க. அப்புறம் எப்படிங்க குறையும்?

நர்ஸ் அக்கா, 9.15
வராந்தா கண்ணாடி போட்டதா?

மேல்வீட்டு அக்கா, 9.16
ஆமாங்க, குளிருக்காக மூணு பக்கமும் கண்ணாடி.

நர்ஸ் அக்கா, 9.24
காரணம் அதுலயே இருக்கு. தோல்ல வைட்டமின் டி உண்டாகறதுக்கு வெயில்ல இருக்கிற யூவி-பிங்கற புற ஊதாக் கதிர் வேணும். கண்ணாடி அதைத் தடுத்துடும். சூடும் வெளிச்சமும்தான் உள்ளே வரும். ரெண்டாவது, எட்டு மணி வெயில் சாய்வா வர்றதால, கண்ணாடி இல்லாம இருந்தாலும் அந்தக் கதிர் ரொம்பக் குறைவு. இளவெயில் உடம்புக்கு இதமா இருக்கும், ஆனா இந்த வேலைக்கு உதவாது.

நிழலைப் பாருங்க. நம்ம உயரத்தைவிட நிழல் குட்டையா இருக்கிற நேரம்தான் சரியான நேரம். ஊட்டியில டிசம்பர்லகூட காலை 10.30ல இருந்து மதியம் 2 வரைக்கும் அப்படி இருக்கும்.

கீழ்வீட்டு சார், 9.31
இந்தக் குளிர்ல வெயிலே உறைக்கலையேம்மா?

நர்ஸ் அக்கா, 9.38
உறைக்கிறதை வச்சு கணக்குப் போடாதீங்க சார். ஆயிரம் மீட்டர் ஏறினா யூவி சுமார் 10 சதவீதம் கூடும். நாம 2,240 மீட்டர்ல இருக்கோம். காத்து குளிரா இருந்தாலும் கதிர் சமவெளியைவிட பலமாத்தான் இருக்கு. அது தோலுக்கு வந்து சேர்றதில்லைங்கறதுதான் பிரச்சனை: ஸ்வெட்டர், சால்வை, குல்லா, மப்ளர். தேயிலை எடுக்கறவங்க நாள் முழுக்க வெளியில நின்னாலும் முகமும் விரலும்தான் வெளியே தெரியுது. முழங்கை வரை கையும், முடிஞ்சா காலும் வெயில் படணும். நம்ம மாநிறத் தோலுக்கு 20 முதல் 30 நிமிஷம், வாரத்துக்கு நாலஞ்சு நாள். நல்ல கறுப்பா இருந்தா இன்னும் கொஞ்சம் கூட வேணும், தோலுக்கு நிறம் தர்ற மெலனின் கதிரைப் பிடிச்சுக்கும். தோல் சிவக்கவோ எரியவோ விடாதீங்க. ஒரு அளவுக்கு மேல உட்கார்ந்தாலும் கூடுதலா உண்டாகாது.

ஜூன்ல இருந்து மேகம் மூடிட்டா கதிர் பாதிக்கு மேல குறைஞ்சுடும். பதினோரு மணிக்கு ஒரு மணி நேரம் வெளுத்தா, துணி காயப்போடற வேலையை அப்ப வச்சுக்கோங்க.

மேல்வீட்டு அக்கா, 9.45
அம்மாவுக்கு இனிமே வெயில் மட்டும் போதுமா?

நர்ஸ் அக்கா, 9.49
11க்குப் போதாதுக்கா. வயசானா தோல்ல உண்டாகற அளவே குறைஞ்சுடும். டாக்டர் எழுதின சாஷேயை, அதான் வைட்டமின் டி பொடிப் பாக்கெட்டை, கொடுத்தே ஆகணும். சேர்ல இருந்து கையை ஊனித்தான் எழுந்திரிக்கிறாங்களா, படி ஏற இடுப்பும் தொடையும் வலுவில்லாம இருக்கா, முழங்காலுக்குக் கீழே முன் எலும்பை அமுக்கினா வலிக்குதான்னு பாருங்க. இருந்தா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. நம்ம மேடுபள்ளத்துல விழுந்து இடுப்பெலும்பு முறியறதுதான் பயம்.

மருந்துக்கடை அண்ணன், 10.05
சாஷே பத்தி ஒண்ணு சொல்லணும், தயவுசெஞ்சு எல்லாரும் படிங்க. 60,000 யூனிட் *வாரத்துக்கு ஒண்ணு*, பொதுவா 8 வாரம். தினமும் ஒண்ணுனு சாப்பிட்டுடறவங்க உண்டு. இது கொழுப்புல கரையற வைட்டமின், வைட்டமின் சி மாதிரி சிறுநீர்ல போயிடாது, உடம்புல தேங்கும். ரத்தத்துல கால்சியம் ஏறி தாகம், வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், குழப்பம் வரும், கிட்னியும் கெடும். ஞாயிறு ஞாயிறுனு காலண்டர்ல வட்டம் போட்டு, கொடுத்ததும் கோடு போட்டு அடிச்சுடுங்க.

வெறும் வயித்துல வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பால்ல கலக்கிக் கொடுங்க. சாப்பாட்டுல எண்ணெய், நெய் இருந்தாத்தான் நல்லா உறிஞ்சும். ஏற்கெனவே கால்சியம் மாத்திரை எடுத்தா அட்டையைத் திருப்பிப் பாருங்க, பலதுல 250, 500 யூனிட் டி3 (வைட்டமின் டியில ஒரு வகை) சேர்ந்தே இருக்கும். கிட்னிக் கல், காசநோய் இருந்தாலும், வலிப்பு மாத்திரை சாப்பிட்டாலும் டாக்டர்கிட்ட சொல்லாம ஆரம்பிக்காதீங்க.

லேப் தம்பி, 10.18
டெஸ்ட் பேரு 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. வெறும் வயிறு அவசியமில்லை. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே குறைபாடு, 20ல இருந்து 30 வரை போதாதுனு பெரும்பாலும் எடுத்துக்கறாங்க. ரிப்போர்ட்ல நானோமோல்னு இருந்தா 2.5ஆல வகுத்துப் பாருங்க. அங்கே 50ங்கறது இங்கே 20தான். மூணு மாசம் கழிச்சு, அதே லேப்ல திரும்பப் பார்க்கறது நல்லது. முறை மாறினா எண்ணும் மாறும்.

கீழ்வீட்டு சார், 10.26
நாங்க சைவம். சாப்பாட்டுல வழி உண்டா?

நர்ஸ் அக்கா, 10.40
கம்மிதான் சார். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) கணக்குல பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட், 60 தாண்டினா 800. பிளஸ் எஃப் முத்திரை போட்ட செறிவூட்டின பால் ஒரு லிட்டர்லயே 200ல இருந்து 300தான் இருக்கு. முட்டை மஞ்சள் கரு ஒண்ணுக்கு சுமார் 40. மத்தி மீன் நல்லது, உங்களுக்கு ஆகாது.

ஆனா பட்டன் காளான் இருக்கே! மெல்லிசா அரிஞ்சு தட்டுல பரப்பி, 11லருந்து 1க்குள்ள நேர் வெயில்ல அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வச்சு சமைங்க. 100 கிராம்ல 400 யூனிட் அளவுக்கு டி2ங்கற வைட்டமின் டி வகை உண்டாகும். பிளாஸ்டிக் உறை போட்டோ ஜன்னல் உள்பக்கம் வச்சோ பண்ணினா பலன் கிடைக்காது. நிழல்ல வளர்ந்த காளான்ல அப்படியே பார்த்தா கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லை.

ராகியையும் விடாதீங்க. 100 கிராம்ல 350 மில்லிகிராமுக்கு மேல கால்சியம். வைட்டமின் டி இல்லேன்னா குடல் அதுல 10, 15 சதவீதம்தான் எடுத்துக்கும். டி சரியா இருந்தா 30, 40 வரை போகும்.

3ஆம் நம்பர் தங்கச்சி, 11.02
அக்கா, பாப்பாவுக்கு மூணு மாசம். மதிய வெயில்ல காட்டலாமா?

நர்ஸ் அக்கா, 11.06
வேண்டாம்மா, குழந்தைத் தோல் சீக்கிரம் வெந்துடும். தாய்ப்பால்ல இந்த வைட்டமின் ரொம்பக் குறைவு, அதனால ஒரு வயசு வரை தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுப்பாங்க. டாக்டர் எழுதித் தந்தாரா?

3ஆம் நம்பர் தங்கச்சி, 11.08
தந்தார்க்கா, 1 மில்லினு.

மருந்துக்கடை அண்ணன், 11.11
பாட்டிலைப் பாரும்மா. ஒரு மில்லியில 400னு வர்றதும் உண்டு, 800னு வர்றதும் உண்டு. 800ன்னா அரை மில்லிதான். அந்தப் பெட்டியில வந்த டிராப்பரையே பயன்படுத்து, ஸ்பூன்ல ஊத்தாதே. லேபிளை ஃபோட்டோ எடுத்து இங்கே போடு, பார்த்துச் சொல்றேன்.

3ஆம் நம்பர் தங்கச்சி, 11.14
800னு இருக்குண்ணா.

மருந்துக்கடை அண்ணன், 11.15
அப்போ அரை மில்லி கோடு வரைக்கும்தான். இன்னைக்கே டாக்டருக்கு ஃபோன் பண்ணி பாட்டில் அளவைச் சொல்லி உறுதிப்படுத்திக்கோ.